நான்காம் சுவரை உடைக்கும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: முதலில் எதைக் கையில் எடுப்பது?

டெட்பூல் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி நம்மோடு பேசுகிற காமிக்ஸ் வேறு என்ன இருக்கிறது?" என்று தேடத் தொடங்குபவர்கள் நிறையப் பேர். தேடினால் ஐந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்: அனிமல் மேன், ஷீ-ஹல்க், டெட்பூல், க்வென்பூல், மல்டிவர்ஸிட்டி. ஐந்தும் நான்காம் சுவரை, அதாவது கதைக்கும் வாசகருக்கும் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தடுப்பை, உடைப்பவை. ஐந்துக்கும் ஒரே மாதிரியான அறிமுகம்தான் கிடைக்கும். "தான் ஒரு காமிக்ஸ் பாத்திரம் என்று அந்தப் பாத்திரத்துக்கே தெரியும்." சரி, அதை வைத்துக்கொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது?

அந்த வரியை மட்டும் நம்பி எடுத்தால் ஏமாற்றம்தான். சிரிக்கலாம் என்று அனிமல் மேனைத் திறப்பவர் ஐந்தாம் இதழிலேயே மனம் கனத்துப்போவார். ஆழமாக ஏதோ இருக்கும் என்று ஷீ-ஹல்க்கை எடுப்பவருக்கு எரிச்சல் வரும். மல்டிவர்ஸிட்டியை முதலில் தொடுபவர் பத்தாம் பக்கத்திலேயே தொலைந்துபோவார். குறை புத்தகங்களில் இல்லை. ஐந்தும் ஐந்து வெவ்வேறு காரணங்களுக்காக அந்தச் சுவரை உடைக்கின்றன.

இந்த விளையாட்டு புதிதும் அல்ல. 1963 தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 10-ம் இதழில் வில்லன் டாக்டர் டூம், தன்னை உருவாக்கிய ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரின் அலுவலகத்துக்கே வந்து நிற்கிறான். 1968-ல் ஃப்ளாஷ் நம் உலகத்துக்கு வந்து விழுந்து, தன் பத்திரிகையின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸிடம் உதவி கேட்கிறான். அப்போது அது ஓர் இதழோடு முடிகிற வேடிக்கை. 80-களின் பிற்பகுதியில்தான் அந்த வேடிக்கையை முழுத் தொடருக்கும் அடித்தளமாக வைத்துப் பார்க்கும் துணிச்சல் வந்தது. கீழே ஒப்பிடுபவை அந்தக் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தவை.

முடிவுகளைக் கெடுக்காமல் எழுத முயன்றிருக்கிறேன். ஆனால் கதையின் போக்கைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது. எதுவுமே தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் கீழே உள்ள அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது

சுவர் எதற்காக உடைகிறது? இதுதான் முதல் கேள்வி. சிரிக்க வைக்கவா, கதை எழுதுபவரின் பொறுப்பைக் கேள்வி கேட்கவா, காமிக்ஸ் என்ற வடிவத்தையே பிரித்துப் பார்க்கவா? மூன்றும் மெட்டாஃபிக்ஷன்தான் (மீபுனைவு, அதாவது தான் ஒரு கதை என்பதைப் பற்றியே பேசும் கதை), ஆனால் மூன்றும் வேறு வேறு மனநிலையில் படிக்க வேண்டியவை.

உண்மை தெரிந்ததால் பாத்திரம் எதை இழக்கிறது? நான் மிகவும் மதிக்கும் அளவுகோல் இதுதான். தான் ஒரு கற்பனை என்று ஒருவனுக்குத் தெரிந்த பிறகும் அவன் வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை என்றால், அது வெறும் கண் சிமிட்டல். அவன் துக்கம், கோபம், அன்பு எல்லாவற்றுக்கும் அர்த்தம் மாறிப்போனால் அது கதை.

முன்வாசிப்பு எவ்வளவு வேண்டும்? இவ்வகைக் கதைகள் பழைய காமிக்ஸ்களைப் பற்றிப் பேசும் காமிக்ஸ்கள். எதைப் பற்றிப் பேசுகின்றன என்று தெரியாவிட்டால் பாதி சுவை போய்விடும். எந்தப் பாதி போகும் என்பதுதான் தொடருக்குத் தொடர் மாறுகிறது.

எங்கே நிறுத்தலாம்? அமெரிக்கத் தொடர்களில் கதாசிரியர் மாறுவார், தொடர் நிற்காது. ஒருவர் எழுதிய பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் வாங்கினால், பணமும் நேரமும் வேறொருவரின் வேறொரு கதைக்குப் போய்விடும்.

யார் கையில் கொடுக்கலாம்? உறை பளபளப்பாக இருக்கிறது என்று சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாதவை இதில் உண்டு.

## அனிமல் மேன் (கிராண்ட் மாரிசன் எழுதியது, 1988–1990)

டிசி நிறுவனம் 1965-ல் உருவாக்கி, பிறகு பெரும்பாலும் மறந்துபோன பாத்திரம் அனிமல் மேன், இயற்பெயர் படி (Buddy) பேக்கர். பக்கத்தில் இருக்கும் விலங்கின் ஆற்றலைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிக்கொள்ள முடியும், அவ்வளவுதான் அவன் சக்தி. மனைவி, இரண்டு பிள்ளைகள், சம்பாத்தியம் இல்லாத சூப்பர்ஹீரோ. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிராண்ட் மாரிசனிடம் இவனை வைத்து நான்கு இதழ் மட்டும் எழுதும் திட்டம்தான் இருந்தது. அது தொடராக நீண்டு, அவர் 26 இதழ்கள் எழுதினார்.

முதல் நான்கு இதழ்களில் சுவர் உடையும் அறிகுறியே இருக்காது. விலங்குகள் மீதான சோதனைகளைப் பற்றிய, நன்றாக எழுதப்பட்ட வழக்கமான சாகசம். ஐந்தாம் இதழில் எல்லாம் மாறுகிறது. கேலிச்சித்திர உலகம் ஒன்றில் அடிபட்டு, நசுங்கி, மறுகணமே எழுந்து மீண்டும் அடிபடும் ஓநாய் போன்ற ஒரு ஜீவன் இருக்கிறது. இந்த முடிவில்லாத வன்முறை போதும் என்று அது தன் கடவுளிடம், அதாவது தூரிகை பிடித்த கையிடம், முறையிடுகிறது. தண்டனையாக அது பேக்கரின் உலகத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கேயும் அதற்குச் சாவில்லை, வலி மட்டும் உண்டு. தன் கதையை எழுதிய சுருளை அது பேக்கரிடம் நீட்டுகிறது. அவனால் அதைப் படிக்க முடியவில்லை.

நமக்கு அந்தச் சுருள் படிக்கக் கிடைக்கிறது, பேக்கருக்குக் கிடைக்கவில்லை. வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியில்தான் மொத்தத் தொடரும் நிற்கிறது. 19-ம் இதழில் பேக்கர் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறான். அவன் பார்வையில் இருப்பது நகைச்சுவை அல்ல, பயம். யாரோ தன்னை எப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்த மனிதனின் பயம். அதற்கப்புறம் அவன் குடும்பத்துக்கு நடப்பதும், 26-ம் இதழில் அவன் தன்னை எழுதுகிறவரின் வீட்டுக் கதவு வரை போவதும், கதையில் யாரைக் கொன்றால் பரபரப்பாக இருக்கும் என்று யோசிக்கிற ஒவ்வொரு எழுத்தாளரையும் உறுத்த வேண்டிய பக்கங்கள். அந்த உரையாடலில் மாரிசன் தன் செத்துப்போன பூனையைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பூனைக்காக அவர் படும் துக்கமும், பேக்கரின் துக்கத்துக்குத் தானே காரணம் என்பதும் ஒரே பக்கத்தில் வரும்போது, இந்த வடிவத்தில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் படித்ததில்லை.

*மறைந்திருக்கும் விலை:* மூன்று தொகுப்புகளையும் படித்தால்தான் இது பலிக்கும். முதல் தொகுப்போடு நிறுத்தினால் ஐந்தாம் இதழ் மட்டும் மனதில் நிற்கும், மற்றது சாதாரணம் என்று தோன்றும். இடையில் அந்தக் காலத்து டிசியின் பெரிய நிகழ்வு ஒன்றோடு ஒட்டிய இதழும் வரும். 23, 24 இதழ்களில் வருகிற கும்பலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு தகவல் தெரிந்தால் போதும்: 1985–86-ல் டிசி தன் பல உலகங்களையும் ஒரு பெரிய கதையில் அழித்து ஒன்றாக்கியது. அந்த அழிவில் காணாமல் போனவர்கள்தான் அங்கே திரும்பி வருகிறார்கள். இன்னொன்று, சாஸ் ட்ரூக்கின் ஓவியம் சாதாரணமானது. பிரையன் போலண்டின் அட்டைகளைப் பார்த்துவிட்டு உள்ளேயும் அதே நுணுக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தச் சாதாரணத் தன்மையே ஒரு கட்டத்தில் உதவுகிறது. பக்கத்து வீட்டு மனிதன் போல் இருப்பதால்தான் பேக்கரின் பயம் நம்மைத் தொடுகிறது.

*யாருக்கு இது:* பொறுமை உள்ளவருக்கு. வன்முறையும் குடும்ப இழப்பும் உண்டு, பெரியவர்களுக்கானது.

## சென்சேஷனல் ஷீ-ஹல்க் (ஜான் பைர்ன், 1989 முதல்)

முதல் இதழின் அட்டையிலேயே ஷீ-ஹல்க், அதாவது ஜெனிபர் வால்டர்ஸ், வாசகரை மிரட்டுகிறாள்: இது உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு, இந்தத் தடவையும் நீங்கள் வாங்காவிட்டால் வீட்டுக்கு வந்து உங்கள் எக்ஸ்-மென் இதழ்களைக் கிழித்துவிடுவேன் என்று. இந்த மிரட்டலில் உண்மை இருக்கிறது. 1980-ல் தொடங்கிய அவளுடைய முதல் தொடர் நீடிக்கவில்லை.

இங்கே சுவர் உடைவது சிரிப்புக்காக. கதை பிடிக்கவில்லை என்றால் தன்னை எழுதி வரையும் பைர்னைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாள். அவசரம் என்றால் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, விளம்பரப் பக்கத்தின் குறுக்கே நடந்து, அடுத்த காட்சிக்குப் போய்விடுவாள். 2022-ல் வந்த தொலைக்காட்சித் தொடரின் இறுதிப் பகுதி பலரை ஆச்சரியப்படுத்தியது. அதன் வேர் இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. டெட்பூல் வாய் திறந்து நம்மோடு பேசுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இவள் பேசிவிட்டாள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் என்னை நிறுத்தி வைத்த பாத்திரம் லூயிஸ் மேசன். 1940-களில் ப்ளாண்ட் ஃபேன்டம் என்ற பெயரில் நாயகியாக இருந்தவள். தொடர் நின்ற பிறகு அவளுக்கு வயதாகிவிட்டது. இதழ்களில் தோன்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு வயது ஏறுவதில்லை என்று கண்டுபிடித்து, ஷீ-ஹல்க்கின் துணைப் பாத்திரமாகவாவது உள்ளே வந்துவிடத் திட்டம் போடுகிறாள். வாசகர்கள் மறந்தால் பாத்திரம் மூப்படையும் என்ற எண்ணத்தை இவ்வளவு இலகுவாகச் சொல்ல முடிந்திருக்கிறது.

*மறைந்திருக்கும் விலை:* பைர்ன் எழுதி வரைந்தது 1 முதல் 8 வரையும், 47-ம் இதழ் நீங்கலாக 31 முதல் 50 வரையும்தான். மொத்தத் தொடர் 60 இதழ்கள். இடையில் பிறர் எழுதிய இதழ்களின் தரம் ஏறி இறங்கும். பெரிய தொகுப்பை வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது, நாயகியின் உடலைக் காட்சிப்பொருளாக வைக்கும் படங்களும் நகைச்சுவையும் அடிக்கடி வரும். அதை அவளே கேலி செய்கிறாள் என்றாலும், கேலி செய்துகொண்டே அதையே காட்டுவதுதான் நடக்கிறது. இது சிலரைத் தொடரிலிருந்தே வெளியே தள்ளிவிடும். தள்ளினால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

*யாருக்கு இது:* ஒரு மாலை நேரத்தை லேசாகக் கழிக்க விரும்புபவருக்கு. முதல் எட்டு இதழ்களைப் படித்துப் பார்த்தால் மீதி வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

## டெட்பூல் (எந்த டெட்பூல் என்பதுதான் கேள்வி)

1991-ல் அறிமுகமானபோது டெட்பூல் நம்மோடு பேசவே இல்லை. வாயாடிக் கூலிக் கொலைகாரன், அவ்வளவுதான். திரைப்படத்தைப் பார்த்துவிட்டு 'முதலிலிருந்து படிக்கலாம்' என்று ஆரம்ப இதழ்களை எடுப்பவர்கள் சோர்ந்துபோவது இதனால்தான்.

எடுக்க வேண்டியது 1997-ல் தொடங்கி ஜோ கெல்லி எழுதிய 33 இதழ்கள். இதிலும் சுவர் உடைவது நினைப்பதைவிடக் குறைவு, அங்கங்கே தூவியது போல. அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அல் என்ற பார்வையற்ற முதியவளைத் தன் வீட்டில் கைதியாக வைத்திருக்கிறான் டெட்பூல். அவர்களுக்குள் பாசமும் உண்டு, கொடூரமும் உண்டு. சிரித்துக்கொண்டே வரும் வாசகர் ஓர் இடத்தில், 'இவன் நல்லவன் இல்லையே, நான் ஏன் இவனை ரசித்துக்கொண்டிருக்கிறேன்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டி வரும். 11-ம் இதழ் தனியாகப் பேசப்பட வேண்டியது. டெட்பூலும் அலும் 1967-ல் வந்த ஸ்பைடர்மேன் 47-ம் இதழுக்குள்ளேயே போய் விழுகிறார்கள். ஜான் ரோமிட்டா வரைந்த பழைய பக்கங்களோடு புதிய படங்களை ஒட்டவைத்து, பழைய காலத்து உடை, பேச்சு, தலைமுடி எல்லாவற்றையும் கிண்டல் செய்கிறார்கள். பழைய இதழைப் படிக்காதவருக்கும் சிரிப்பு வரும். படித்தவருக்கு இரண்டு மடங்கு.

மீபுனைவை நேராகக் கையில் எடுப்பது 2012-ல் கல்லன் பன் எழுதிய, டெட்பூல் மார்வெல் பிரபஞ்சம் மொத்தத்தையும் கொல்லும் நான்கு இதழ்க் கதை. தாங்கள் எல்லோரும் யாருடைய பொழுதுபோக்குக்காகவோ திரும்பத் திரும்பத் துன்பப்படுகிறோம் என்று புரிந்துகொண்டவன், இதை முடித்துவைக்கக் கொலையைத் தேர்ந்தெடுக்கிறான். கேள்வி அனிமல் மேன் கேட்ட அதே கேள்விதான். பதில் மட்டும் ரத்தம். யோசனை நல்லது, ஆனால் பக்கங்கள் பெரும்பாலும் 'அடுத்து யார், எப்படிச் சாவார்' என்ற பட்டியலாகவே ஓடிவிடுகின்றன. கேள்வியோடு உட்கார அதற்குப் பொறுமை இல்லை.

*மறைந்திருக்கும் விலை:* அளவு. டெட்பூல் பெயரில் வந்த தொடர்கள், குறுந்தொடர்கள், சிறப்பிதழ்கள் ஏராளம். பலவற்றில் சுவர் உடைப்பது பழக்கதோஷம் போல ஆகிவிட்டது. பெயரைப் பார்த்து வாங்காமல் கதாசிரியரைப் பார்த்து வாங்குங்கள். சிறுவர்களுக்கு வேண்டாம்.

## அன்பிலீவபிள் க்வென்பூல் (2016–2018)

இந்தப் பாத்திரம் பிறந்ததே ஒரு மாற்று அட்டைப் படத்தில். ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியை டெட்பூல் உடையில் வரைந்த அந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து மார்வெல் தொடர் ஆரம்பித்தது. விற்பனைக்காகத் தொடங்கியது என்று பலர் இதைத் தொடாமலேயே போய்விட்டார்கள். பெரிய இழப்பு.

கிறிஸ்டோபர் ஹேஸ்டிங்ஸ் எழுதிய இந்த 25 இதழ்களில் திசை தலைகீழ். மற்ற கதைகளில் பாத்திரம் நம் உலகத்தைக் கண்டுபிடிக்கிறது. இங்கே நம் உலகத்து வாசகியான க்வென் பூல் மார்வெல் உலகத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறாள். அவளுக்கு எந்தச் சக்தியும் இல்லை, ஆனால் நிறையப் படித்திருக்கிறாள். யாருடைய முகமூடிக்குப் பின்னால் யார் என்பது தெரியும். அதனால் ஆரம்பத்தில் அவளுக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை. பெயர் இல்லாத பாத்திரம் செத்தால் என்ன, எல்லாம் கதைதானே? அந்த நினைப்போடு திரிபவளின் நண்பன் செசில் கொல்லப்படுகிறான். அங்கிருந்து தொடர் மெதுவாக வளர்கிறது.

பிற்பாதியில் அவள் கட்டங்களுக்கு வெளியே, அந்த வெள்ளை இடைவெளிக்குள் கால் வைக்கக் கற்றுக்கொள்கிறாள். கட்டத்தின் விளிம்பைப் பிடித்து ஏறுகிறாள், வேறு பக்கத்துக்குப் போய்வருகிறாள். ஜப்பானிய ஓவிய இரட்டையர் குரிஹிருவின் சுத்தமான, வட்டமான கோடுகள் இதற்கு மிகவும் பொருந்துகின்றன. எந்த இடத்திலும் கண் குழம்பாது. ஆனால் இந்தத் தொடரைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் அந்த வித்தைகள் அல்ல. தன் தொடர் விற்காவிட்டால் நிறுத்தப்படும், நின்றால் தான் என்ன ஆவேன் என்ற பயம் க்வெனுக்கு உண்டு. அந்தப் பயத்தைக் கடைசி இதழ் எதிர்கொள்ளும் விதம் கண்ணில் நீர் வரவைக்கும். மரணத்தைப் பற்றி எழுத வேண்டியதை, சந்தை நிலவரத்தைப் பற்றி எழுதுவது போல எழுதி, நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

*மறைந்திருக்கும் விலை:* முதல் சில இதழ்கள் துள்ளலாகவும் கொஞ்சம் மேலோட்டமாகவும் இருக்கும். எல்லா இதழ்களையும் குரிஹிரு வரையவில்லை, நடுவில் பாணி மாறும். மார்வெல் பாத்திரங்களைத் திரைப்படங்கள் வழியாக அறிந்திருந்தாலே முன்வாசிப்புக்குப் போதும்.

*யாருக்கு இது:* பதின்வயதினர் முதல் எல்லோருக்கும்.

## மல்டிவர்ஸிட்டி (2014–2015)

மீண்டும் மாரிசன். வழிகாட்டி இதழையும் சேர்த்து ஒன்பது இதழ்கள், ஒவ்வொன்றும் டிசியின் வேறு வேறு உலகத்தில், வேறு வேறு ஓவியரின் கையில். ஓர் உலகத்தில் நடப்பது இன்னோர் உலகத்தில் காமிக்ஸ் இதழாக வாசிக்கப்படுகிறது. அந்த இதழ்களில் ஒன்று சாபம் பிடித்தது, படிப்பவரைப் பிடித்துக்கொள்வது. அந்தச் சபிக்கப்பட்ட இதழையே அவர்கள் அச்சிட்டு நம் கையிலும் கொடுக்கிறார்கள். அதுதான் டக் மான்கி வரைந்த அல்ட்ரா காமிக்ஸ். அதில் நாயகன் யார்? நாம் கையில் பிடித்திருக்கும் அந்தக் காகிதமும் மையும்தான். வாசிப்பவரின் எண்ணமே அவன் சக்தி. பக்கத்தைப் புரட்டாதே என்று நம்மைக் கெஞ்சும். நாம் புரட்டுவோம். குற்ற உணர்வு நம் விரலுக்கு வருகிறது.

ஃபிராங்க் க்வைட்லி வரைந்த பாக்ஸ் அமெரிக்கானா என்ற இதழ் அதைவிடவும் வியப்பு. கதை பெருமளவு பின்னோக்கி நகர்கிறது. ஒரே இடத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு காலங்களை ஒரே பார்வையில் வைக்கும் பக்கங்கள் அதில் உண்டு. காமிக்ஸால் மட்டுமே செய்ய முடிந்த காரியம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன்.

*மறைந்திருக்கும் விலை:* முன்வாசிப்பு. இந்த ஐந்தில் மிக அதிகம் கேட்பது இதுதான். பாக்ஸ் அமெரிக்கானா, 1986–87-ல் வந்த வாட்ச்மென் என்ற காமிக்ஸுக்கு எழுதப்பட்ட பதில். வாட்ச்மெனைப் படிக்காதவருக்கு அது அழகான புதிராக மட்டுமே மிஞ்சும். மொத்தக் கதையின் தொடக்கமும் முடிவும் டிசி உலகங்களை அறிந்தவர்களுக்காகவே எழுதப்பட்டவை. பாத்திரங்களோடு பழக நேரமும் கிடைக்காது, ஏனெனில் ஒவ்வோர் இதழிலும் ஆட்கள் மாறுகிறார்கள். மூளை நிறையும், நெஞ்சு நிறையாது.

## ஒரே பார்வையில்

| தொடர் | அளவு | சுவர் எதற்காக உடைகிறது | முன்வாசிப்பு | வயது |
|---|---|---|---|---|
| அனிமல் மேன் | 26 இதழ்கள் | படைப்பவரின் பொறுப்பு | குறைவு. முடிவில் கொஞ்சம் | பெரியவர்கள் |
| ஷீ-ஹல்க் | பைர்னின் 27 இதழ்கள் | சிரிப்பு | மிகக் குறைவு | பெரியவர்கள், மூத்த பதின்வயதினர் |
| டெட்பூல் (கெல்லி) | 33 இதழ்கள் | சிரிப்பு, நடுவில் உறுத்தல் | குறைவு | பெரியவர்கள் |
| க்வென்பூல் | 25 இதழ்கள் | வாசகரின் பொறுப்பு | திரைப்பட அறிவு போதும் | பதின்வயது முதல் |
| மல்டிவர்ஸிட்டி | 9 இதழ்கள் | வடிவத்தைப் பிரித்துப் பார்க்க | மிக அதிகம் | பெரியவர்கள் |

## காகிதமா, திரையா?

வழக்கமான சாகசக் காமிக்ஸுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியம் இல்லை. இங்கே முக்கியம். கைபேசியில் படிக்கும்போது பல செயலிகள் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். ஷீ-ஹல்க் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போவதும், க்வென் கட்டத்துக்கு வெளியே நிற்பதும் முழுப் பக்கத்தையும் பார்த்தால்தான் புரியும். கட்டம் கட்டமாகப் பார்த்தால் அவள் வெளியே வந்ததே தெரியாது. பாக்ஸ் அமெரிக்கானா அப்படிப் பார்த்தால் மொத்தமும் பாழ். அல்ட்ரா காமிக்ஸ் 'நான் காகிதம்' என்று சொல்லும்போது கையில் காகிதம் இல்லாவிட்டால் பாதி வேகம் குறைந்துவிடும். அச்சுத் தொகுப்பு கிடைக்கவில்லை என்றால் பெரிய திரையில், முழுப் பக்கக் காட்சியில் படியுங்கள். டெட்பூல் மட்டும் எதில் படித்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, அதன் வேடிக்கை பெரும்பாலும் வசனத்தில் இருக்கிறது.

## பட்டியலுக்கு வெளியே மூன்று

சூப்பர்ஹீரோ காமிக்ஸே படித்ததில்லை என்பவருக்கு இந்த ஐந்தையும் விட்டுவிட்டு, கர்ட் பியூசிக் எழுதி ஸ்டூவர்ட் இம்மோனென் வரைந்த சூப்பர்மேன்: சீக்ரெட் ஐடென்டிட்டியை (2004, நான்கு இதழ்கள்) கொடுப்பேன். சூப்பர்மேன் வெறும் காமிக்ஸாக மட்டும் இருக்கும் உலகத்தில், அந்தப் பெயரையே வைத்துக் கேலிக்கு ஆளாகும் ஒரு பையனின் வாழ்க்கை. அவன் நம்மோடு பேசுவதே இல்லை. ஆனால் கற்பனையோடு ஒப்பிட்டுத் தன்னைப் புரிந்துகொள்வது எப்படி என்பதை இதைவிட அன்பாகச் சொன்ன கதை இல்லை.

மாரிசனும் க்வைட்லியும் சேர்ந்த ஃப்ளெக்ஸ் மென்டலோ (1996, நான்கு இதழ்கள்) மல்டிவர்ஸிட்டி கேட்கும் கேள்விகளை ஒரு தனி மனிதனின் ஒரு இரவுக்குள் அடக்குகிறது. தற்கொலை எண்ணத்தோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பவன் அதன் மையம். இப்போது மனம் சரியில்லாத நிலையில் இருப்பவர்கள் தயவுசெய்து தள்ளிவையுங்கள். நல்ல நாளில் படிக்கலாம். வர்த்தகச் சின்னம் தொடர்பான வழக்கு காரணமாக இது நீண்ட காலம் தொகுப்பாக வராமல் இருந்து 2012-ல்தான் வந்தது.

ஆலன் மூர் 1996 முதல் எழுதிய சுப்ரீம், திருத்தி எழுதப்படும் நாயகர்களின் பழைய வடிவங்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்றைக் கற்பனை செய்கிறது. பழைய காமிக்ஸ் பாணிகளை அப்படியே வரைந்து காட்டும் ரிக் வீச்சின் பக்கங்கள் அருமை. பழைய சூப்பர்மேன் கதைகள் பிடித்தவருக்கு மட்டும்.

## உங்கள் நிலைமைக்கு எது?

திரைப்படத்திலிருந்து வருகிறீர்கள், இன்னும் ஒரு காமிக்ஸ்கூடப் படிக்கவில்லை, ஆனால் இந்த வகைதான் வேண்டும் என்றால் க்வென்பூல். வேறு யோசனையே வேண்டாம். சிரிப்பும் உண்டு, சிரிப்புக்குப் பின் ஒன்றும் உண்டு. பதின்வயதுப் பிள்ளைக்குப் பரிசாக வாங்குவதற்கும் இதுவே.

சில வருடங்களாகச் சூப்பர்ஹீரோ கதைகள் படித்து, 'எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே' என்று அலுத்துப்போயிருந்தால் அனிமல் மேன். அந்த அலுப்பைத்தான் அது கதையாக்குகிறது. வாங்கினால் மூன்று தொகுப்பும் சேர்த்தே வாங்குங்கள். முதல் தொகுப்பு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் காத்திருப்பது மேல்.

படிக்கும் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, ஓர் இதழ் படித்து மூடிவைத்துவிட வேண்டும் என்பவருக்கு ஷீ-ஹல்க்கின் முதல் எட்டு. டெட்பூல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு கெல்லியின் தொகுப்பு. 2012 கதையை அதற்கப்புறம், இரவல் கிடைத்தால் படிக்கலாம்.

மல்டிவர்ஸிட்டிக்கு முன் வாட்ச்மெனும் அனிமல் மேனும் முடிந்திருக்க வேண்டும். அந்த இரண்டும் முடிந்து, கதை எப்படி வேலை செய்கிறது என்பதே கதையைவிடச் சுவையாகத் தோன்றத் தொடங்கியிருந்தால், தொகுப்பை முதலிலிருந்து பிடிக்காமல் பாக்ஸ் அமெரிக்கானாவை மட்டும் தனியாக எடுத்து இரண்டு தடவை படியுங்கள், இரண்டாம் தடவை கடைசிப் பக்கத்திலிருந்து. அது பிடித்தால் மற்ற எட்டுக்கும் போகலாம்.